டிரெயினிங்குக்குத் தனி பில்லு

ஆஸ்பத்திரிக்கும் கிளினிக்குக்கும் சாஃப்ட்வேர் விக்கிற கம்பெனிக்காரங்க தார கொட்டேஷன நீங்க என்னைக்காவது கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சிருக்கியளா? மொதப் பக்கத்துல லைசென்ஸ், இத்தன யூசர், கிளவுடு, பேக்கப்பு, வாட்ஸப்ல பிரிஸ்கிரிப்ஷன் போவும் அது இதுன்னு கலர் கலரா போட்டிருப்பாங்க. கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல ஒரு வரி கெடக்கும், யூசர் டிரெயினிங்குக்குக் கட்டணம் தனி, ஜிஎஸ்டி தனி, ஆள் நேர்ல வந்தா போக்குவரத்தும் ரூம் வாடகையும் தனின்னு. அந்த ஒத்த வரிக்காகத்தான் இன்னைக்கி இவ்வளவு நீளமா எழுதுதேன், பொறுத்துக்கிடுங்க.

நான் பாளையங்கோட்டைல ஒரு சின்ன ஆஸ்பத்திரில நிர்வாகம் பாக்கேன். கொஞ்சம் பெட்டு, ஒரு லேபு, கீழ ஒரு மெடிக்கல், அவ்வளவுதான். எங்ககிட்ட கம்ப்யூட்டர்ல உக்காருற பிள்ளைங்க எல்லாம் முன்னீர்பள்ளம், சீவலப்பேரி, மேலப்பாளையம்னு பக்கத்துல இருந்து வாரவங்க. டிகிரி முடிச்சிருப்பா, கெட்டிக்காரியாவும் இருப்பா, ஆனா ரொம்ப நாள் நிக்கமாட்டா. கல்யாணம் ஆயிரும், இல்லன்னா டிஎன்பிஎஸ்சி கோச்சிங் போணும்பா, இல்லன்னா நம்மளவிட ஆயிரம் ரூவா கூட குடுக்கிற இடம் வண்ணாரப்பேட்டைல கெடைச்சிரும். போறவளக் குத்தம் சொல்ல முடியாது. ஆனா அடுத்து வாரவளுக்கு யாரு சொல்லிக்குடுக்கது? கம்பெனிக்குப் போன் போட்டா "சார் உங்க ஃப்ரீ டிரெயினிங் இன்ஸ்டாலேஷன் அன்னைக்கே முடிஞ்சிருச்சு, இது ரீ டிரெயினிங், சார்ஜபிள்"ங்கான்.

சரி துட்டு குடுக்க வேண்டாம், பழைய பிள்ளயே புதுப் பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போவட்டும்னுதான் எல்லா ஆஸ்பத்திரிலயும் ஓடுது. அதுல என்ன நடக்குன்னா அவளுக்குத் தெரிஞ்ச குறுக்கு வழி மட்டும்தான் இவளுக்கு வரும், இவ அடுத்தவளுக்கு அதுலயும் பாதிதான் சொல்லுவா.

இதுக்கு நம்ம ஊரு உதாரணமே போதும். ரிஜிஸ்ட்ரேஷன் ஸ்கிரீன்ல லாஸ்ட் நேம்னு ஒரு கட்டம், அது நிரப்பாம அடுத்த பக்கம் போவாது. நம்ம ஆளுங்களுக்கு ஏது லாஸ்ட் நேம்? ஒரு பிள்ள புள்ளி வச்சிட்டுப் போவா, ஒருத்தி இனிஷியலப் போடுவா, ஒருத்தி புருசன் பேரப் போடுவா, இன்னொருத்தி ஊரு பேரையே போட்டு விட்டுருவா, இசக்கியம்மாள் முக்கூடல்னு. போதாக்குறைக்கு இசக்கிங்கிற பேர இங்கிலீஷ்ல ஈ போட்டும் எழுதுவாங்க ஐ போட்டும் எழுதுவாங்க, பேச்சிக்கு நடுவுல ஒரு டி உண்டு, சில பேருக்குக் கெடையாது. தேடிப் பாத்தா ஒண்ணு அம்பது இசக்கி வந்து நிக்கும், இல்லன்னா ஒண்ணுமே வராது, வெளிய கூட்டம் சத்தம் போடும், பிள்ள டக்குனு நியூ பேஷன்ட்னு அமுக்கிட்டு சோலிய முடிச்சிரும். போன் நம்பர வச்சித் தேடலாம்னா வீடு மொத்தத்துக்கும் ஒரே நம்பர், அதுவும் சிலநேரம் பக்கத்து வீட்டு அக்கா நம்பரா இருக்கும். இப்படி ஒரே அம்மாவுக்கு நாலு ஃபைலு. பென்சிலின் அலர்ஜின்னு ஒண்ணுல ஏத்தி வச்சிருக்கும், டாக்டரம்மா தொறக்கிற ஃபைல்ல அது இருக்காது. சுகர் ரிப்போர்ட் ஒண்ணுல, ஸ்கேன் இன்னொண்ணுல. டாக்டரம்மா யார ஏசுவாவ? முன்னால உக்காந்திருக்க பிள்ளயத்தான்.

இதுல கொடும என்னன்னா ரெட்ட ஃபைல ஒண்ணாச் சேக்கிற பட்டன் அந்த சாஃப்ட்வேருக்குள்ளயே இருக்கு. அது "அட்வான்ஸ்டு டிரெயினிங்"ல வருமாம். அதுக்கு வேற ரேட்டு!

இத வெறும் துட்டு விஷயம்னு நெனைக்காதிய. அமெரிக்காவுல பிட்ஸ்பர்க்ல குழந்தைங்களுக்கான பெரிய ஆஸ்பத்திரி ஒண்ணு இருக்கு, அங்க டாக்டருங்க மருந்த எல்லாம் கம்ப்யூட்டர்லதான் எழுதணும்னு 2002ல கொண்டு வந்தாங்க. வேற ஆஸ்பத்திரில இருந்து அங்க மாத்திக் கொண்டு வந்த பிள்ளைங்கள்ல செத்துப்போனது மின்ன நூத்துக்கு 2.80, அது வந்த பொறவு 6.57ன்னு அந்த ஆஸ்பத்திரி டாக்டருங்களே 2005ல பீடியாட்ரிக்ஸ் ஜர்னல்ல எழுதுனாங்க. அந்தக் கணக்கு சரியா தப்பான்னு பெரிய சண்டையே நடந்துச்சு, எல்லாப் பழியையும் கம்ப்யூட்டர் மேல போட முடியாதுதான். ஆனா அடுத்த வருசமே சியாட்டில்ல இருக்க குழந்தைங்க ஆஸ்பத்திரிக்காரங்க அதே ஜர்னல்ல எழுதுனாங்க, நாங்களும் இந்த மாதிரி சிஸ்டத்துக்கு மாறுனோம், சாவு கூடலன்னு. அவங்க முன்கூட்டியே எந்த நோய்க்கு என்னென்ன மருந்துன்னு ஆர்டர் செட்டு போட்டு வச்சி, ஆளுங்களயும் தயார் பண்ணிட்டு இறங்குனவங்க. நான் சொல்லுதது இதத்தான். பெட்டிக்குள்ள என்ன சாஃப்ட்வேர் இருக்குங்கிறது பாதி, அத தட்டுற கைக்கு என்ன தெரியும்ங்கிறது மீதி.

டிரெயினிங்க தனியா விக்கிறதும் அங்க பழைய கததான். 2009ல ஹைடெக் ஆக்ட்னு சட்டம் போட்டு கம்ப்யூட்டர் ரெக்கார்டுக்கு மாறுற டாக்டருக்கு மெடிகேர் வழியா 44,000 டாலர் வரைக்கும் ஊக்கத்தொகன்னு அரசாங்கம் சொல்லிச்சு. துட்டு வருதுன்னதும் கம்பெனிங்க ஓடி வந்துச்சு, நாள் கணக்குல டிரெயினிங் சார்ஜ், டிரெயினர் பிளைட்டு டிக்கெட்டு, ஹோட்டல் பில்லு எல்லாம் டாக்டர் தலைலதான். அந்த கொட்டேஷனத்தான் அப்படியே இறக்கி, பிளைட்டு இருந்த எடத்துல நெல்லை எக்ஸ்பிரஸ்னு மாத்தி நமக்குக் குடுக்காங்க போல.

கம்பெனி பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். டிரெயினிங் குடுக்க ஒரு பையன் மெட்ராஸ்ல இருந்து வரணும், அவனுக்குச் சம்பளம் உண்டு, அவன் வந்து உக்காந்த நேரத்துல இங்க எமர்ஜென்சி கேஸ் வந்துச்சுன்னா எல்லாரும் எந்திச்சிப் போயிருவாங்க, பாவம் அவன் லேப்டாப்ப வச்சிக்கிட்டு தனியா உக்காந்திருப்பான். சும்மா வந்து சொல்லிக்குடுன்னு கேக்க எனக்கே கூச்சமாத்தான் இருக்கும். ஆனா கேள்வி அது இல்ல. அந்தச் செலவு உண்டுன்னு மொதல்லயே தெரியும்லா, அத மொத்த வெலைலயே சேத்துச் சொல்ல வேண்டியதுதான? சொன்னா பக்கத்து கம்பெனியவிட வெல கூடத் தெரியும், அதான் ஒளிச்சி வைக்காங்க. மொத வெலய கம்மியாக் காட்டி ஆள உள்ள இழுத்துட்டு, எங்க பேஷன்ட் ரெக்கார்டு எல்லாம் அவன் கிளவுடுக்குள்ள போன பொறவு, இனி எங்க போயிருவாங்கன்னு தைரியமா ஒவ்வொண்ணா நீட்டுதான்.

இன்னும் ஒண்ணு இருக்கு, அதத்தான் யாரும் பேசமாட்டேங்காங்க. சொல்லிக்குடுக்கதுல துட்டு வருதுன்னா, சொல்லிக்குடுக்காமலே வெளங்குற மாதிரி சாஃப்ட்வேர் செய்யணும்னு அவனுக்கு என்ன தேவை? லாஸ்ட் நேம் கட்டாயமில்லன்னு மாத்த ஒரு புரோகிராமருக்கு எவ்வளவு நேரம் ஆவும்? மாத்தமாட்டான். ஸ்கிரீன் கோட்டித்தனமா இருக்க இருக்க டிரெயினிங் செஷன் விக்கும்.

2025 செப்டம்பர் 22 ஞாபகம் இருக்கா, மருந்துக்கு ஜிஎஸ்டி 12ல இருந்து 5ஆ இறங்குன நாளு. அன்னைக்கி மெடிக்கல்ல பழைய ஸ்டாக்குக்கு எப்படி பில் போடன்னு பிள்ளைங்க முழிச்சிக்கிட்டு நிக்காங்க, கம்பெனில "அப்டேட் ஃப்ரீ சார், அத எப்படி மாத்தணும்னு செஷன் வேணும்னா புக் பண்ணுங்க"ன்னு மெசேஜ் வருது. என்னத்தச் சொல்ல. கடைசில பக்கத்து மெடிக்கல் அண்ணாச்சிதான் வந்து காமிச்சிக் குடுத்தாவ, அதுவும் வேற சாஃப்ட்வேர் வச்சிருக்கவுக.

அந்த டிரெயினிங் பில்லுலயும் 18 பர்சென்ட் ஜிஎஸ்டி உண்டு பாத்துக்கிடுங்க. கடக்காரங்கன்னா இப்படிக் கட்டுன வரிய, அவங்க ஆளுங்ககிட்ட வாங்குற வரில கழிச்சிக்கிடுவாங்க. வைத்தியத்துக்கு ஜிஎஸ்டி கெடையாது, அதனால நாங்க பேஷன்ட்கிட்ட வாங்குறதும் இல்ல, நாங்க கட்டுனத கழிக்கவும் வழி இல்ல. 5000 ரூவா டிரெயினிங்னா 900 ரூவா மேக்கொண்டு அப்படியே செலவுதான்.

இதே எங்க ஸ்கேன் மெஷின் வாங்குனப்ப கம்பெனில இருந்து அப்ளிகேஷன் ஆளுன்னு ஒருத்தர் வந்தாரு. டாக்டரம்மாவுக்கு கை பழகுற வரைக்கும் கூட நின்னாரு, பொறவும் வந்தாரு, பத்து பைசா கேக்கல, எல்லாம் மெஷின் வெலைலயே அடக்கம். லேப் அனலைசருக்கும் அப்படித்தான். சாஃப்ட்வேர்க்காரனுக்கு மட்டும் என்ன தனிச் சட்டமா?

கடைல கணக்கு எழுதுற டேலி சாஃப்ட்வேர எடுத்துக்கிடுங்க. தெருவுக்குத் தெரு டேலி கிளாஸ் இருக்கு, அந்தப் பிள்ள அத ஒருக்கப் படிச்சிட்டா எந்தக் கடைக்குப் போனாலும் அதே டேலி, படிப்பு அவளோட கூடவே போவும். ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர் அப்படி இல்ல, ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு ஸ்கிரீன், இங்க படிச்சது அடுத்த ஆஸ்பத்திரில செல்லாது. அதனால வெளிய யாரும் கிளாஸ் எடுக்கதும் இல்ல, கம்பெனி வச்சதுதான் வெல.

சொல்லிக்குடுத்தா என்ன ஆவும்னு பாக்க ரொம்ப தூரம் போவாண்டாம். அரவிந்த் கண் ஆஸ்பத்திரி 1988ல இருந்து நம்ம திருநெல்வேலி ஜங்ஷன்ல இருக்கு. கிராமத்துல இருந்து பிளஸ் டூ முடிச்ச பிள்ளைங்கள எடுத்து ரெண்டு வருசம் டிரெயினிங் குடுத்துத்தான் வேலைக்கு விடுதாங்க, அந்தப் பிள்ளைங்க பார்வை செக் பண்ணுததுல இருந்து ஆபரேஷன் தியேட்டர் வரைக்கும் என்னமா ஓடியாடி வேல பாக்காங்க. எங்கள மாதிரி சின்ன இடத்துக்கு அந்த வசதி கெடையாதுதான், ஆனா ஒரு புதுப் பிள்ளைக்கு அர நாள் உக்காந்து சொல்லிக்குடுக்க ஒருத்தன் வேணும்லா.

இப்ப ஆபா நம்பர், அதான் ஒவ்வொரு ஆளுக்கும் மத்திய அரசு குடுக்கிற ஹெல்த் ஐடி, அத இணைக்கணும்னு வேற வந்திருக்கு, 14 இலக்கம், அதுக்குத் தனி மாட்யூலாம், மாட்யூலுக்குத் தனி டிரெயினிங்காம். மெடிக்கல்ல ஷெட்யூல் எச்1 மருந்து, அதாவது டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு சட்டம் தனியா பட்டியல் போட்ட மருந்து, வித்தா தனி ரிஜிஸ்டர், மூணு வருசம் வச்சிருக்கணும். புது மருந்து ஏத்தும்போது எச்1னு டிக் பண்ணாட்டி ரிஜிஸ்டர்ல வராது, இன்ஸ்பெக்டர் வந்து கேட்டா லைசென்ஸ் வச்சிருக்கவுகதான் பதில் சொல்லணும், கம்பெனிக்காரன் வந்து நிக்கமாட்டான்.

புதுசா வாங்கப் போறவங்களுக்கு நான் சொல்லுதது, வாங்குற அன்னைக்கி மொத வெலய பாக்காதிய. மூணு வருசத்துக்கு எல்லாம் சேத்து என்ன ஆவும், புது ஆளு வந்தா டிரெயினிங் உண்டா, தமிழ்ல வீடியோ தருவியா, விட்டுட்டுப் போனா எங்க ரெக்கார்ட எந்த ஃபார்மட்ல திருப்பித் தருவ, இத எழுத்துல வாங்கிக்கிடுங்க. வாயால சொன்னது நிக்காது, விக்க வந்த பையனே அடுத்த மாசம் அந்தக் கம்பெனில இருக்கமாட்டான்.

ஏற்கனவே வாங்கிட்டு எங்கள மாதிரி மாட்டுனவங்களுக்கு ஒரு யோசனை. அம்பைல இருந்து வள்ளியூர் வரைக்கும் ஒரே சாஃப்ட்வேர் வச்சிருக்க ஆஸ்பத்திரிங்க நெறைய உண்டு. ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் பாளையங்கோட்டைல ஒரு ஹால் எடுத்து எல்லா ஆஸ்பத்திரி பிள்ளைங்களயும் உக்கார வச்சி ஒரே டிரெயினர ஒருக்க வரவச்சா செலவு பங்காயிரும், கூடவே வீடியோவும் எடுத்து வச்சிக்கிடலாம். கம்பெனில கேட்டேன், "ஒரு லைசென்சுக்கு ஒரு செஷன்தான் சார், குரூப்பா பண்ண பாலிசி இல்ல"ன்னுட்டான். ஒத்த ஆளு கேட்டா அப்படித்தான் சொல்லுவான். நாலஞ்சு ஆஸ்பத்திரி லெட்டர்பேடுல கையெழுத்துப் போட்டுக் கேட்டுப் பாப்போம், ரின்யூவலும் பக்கத்துல வருது. விருப்பம் இருக்கவங்க என்ன சாஃப்ட்வேர்னு கமெண்ட்ல போடாம இன்பாக்ஸ்ல மட்டும் சொல்லுங்க.