அடுத்த வருஷமும் இருப்பீங்களா?

ஊரிலிருந்து யார் போன் செய்தாலும் முதல் கேள்வி, "அந்த அலாஸ்காக் குளிர்ல எப்படித்தான் இருக்கே?" குளிருக்கு நல்ல கோட்டு இருக்கிறது, நல்ல பூட்ஸ் இருக்கிறது. மைனஸ் முப்பதிலும் நடந்தே பள்ளிக்குப் போய்விடுவேன். அதைப் பற்றி இனி யாரும் என்னிடம் கேட்க வேண்டாம். இந்த வாரம் பள்ளியில் நடந்ததை நினைத்தால் மனசு ஆறவில்லை, தூக்கமும் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஆங்கரேஜ் நகரத்துக்குப் போன நான்காம் வகுப்பு ஆசிரியர் திரும்பி வரவில்லை. தலைமையாசிரியருக்கு ஒரு மின்னஞ்சல், அவ்வளவுதான். அவர் மேசையில் காபிக் கோப்பை கழுவாமல் கிடக்கிறது. பிள்ளைகள் டிசம்பரில் எழுதிக் கொடுத்த கட்டுரைகள் திருத்தாமல் கிடக்கின்றன. அந்த வகுப்புக்கு இது புதிதும் இல்லை. போன வருஷமும் பாதியில் ஆள் மாறினார். பள்ளிக்கு வந்த நாள் முதல் இதுவரை ஏழு ஆசிரியர்களைப் பார்த்துவிட்ட பிள்ளைகள் இவர்கள். வயது ஒன்பதுதான்.

நான் இருப்பது அலாஸ்காவின் தென்மேற்கில், யூக்கான், குஸ்கோக்விம் ஆறுகள் கடலில் கலக்கும் டெல்டாவில், யூப்பிக் என்ற பழங்குடி மக்களின் கிராமம் ஒன்றில். சாலை கிடையாது. ஆங்கரேஜிலிருந்து 400 மைல் ஜெட்டில் பறந்து பெத்தெல் என்ற சிறு நகரத்துக்கு வர வேண்டும். அங்கிருந்து எங்கள் ஊருக்குச் சின்ன விமானம். பனிமூட்டம் வந்தால் அதுவும் இல்லை. நான் ஜே-1 என்ற அமெரிக்கப் பரிமாற்ற விசாவில், சில வருஷங்களுக்கு மட்டும், கணக்குச் சொல்லித்தர வந்தவள். ஒரு ஆகஸ்ட் மாதம் ஓடுதளத்தில் பெட்டிகளோடு இறங்கினேன். சுற்றி வந்து நின்ற பிள்ளைகள் என் பெயரைக் கேட்கவில்லை, எந்த நாடு என்றும் கேட்கவில்லை. "எத்தனை வருஷம் இருப்பீங்க?" என்றுதான் கேட்டார்கள்.

அன்றைக்கு அது விளையாட்டுக் கேள்வி என்று நினைத்தேன். இப்போது அதன் பொருள் தெரியும். உங்களோடு பழகலாமா வேண்டாமா, உங்களுக்கு எங்களைப் பற்றிச் சொல்லித்தருவது வீண் வேலையா என்று கேட்கிறார்கள்.

ஆமாம், இங்கே முதலில் பாடம் படிப்பது ஆசிரியர்தான். இந்த ஊரில் புருவத்தை உயர்த்தினால் "ஆமாம்" என்று பொருள். மூக்கைச் சுருக்கினால் "இல்லை". இது எனக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த வாரம் மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். எந்தப் படிவத்தை எந்தத் தேதிக்குள் நிரப்ப வேண்டும் என்று மூன்று நாளும் சொன்னார்கள். புருவத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முதல் மாதம் முழுக்க ஒரு பையனை விரட்டிக்கொண்டே இருந்தேன். "புரிந்ததா? வாயைத் திறந்து சொல்லு. கேட்டால் பதில் சொல்ல மாட்டாயா?" அவன் ஒவ்வொரு முறையும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தான். எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை. அவனைப் பற்றி ஆசிரியர்கள் எழுதிவைத்த பழைய கோப்பு ஒன்றை எடுத்துப் பார்த்தேன். "கேள்விகளுக்குப் பதில் அளிப்பதில்லை." அடுத்த வருஷம், வேறு கையெழுத்தில், அதே வரி. அதற்கடுத்த வருஷமும் அதே வரி. நல்ல புத்திசாலிப் பையன். மூன்று பெரியவர்கள் வந்து, கற்றுக்கொள்ளாமலே போய், அவன் தலையில் அந்தக் குறையை எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தக் கோப்பைப் பார்த்த அன்று வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

எனக்குப் புருவத்தைச் சொல்லித்தந்தவர் எங்கள் பள்ளி உதவியாளர். இந்த ஊர்க்காரப் பெண்மணி. 22 வருஷமாக இங்கே வேலை செய்கிறார். எந்தப் பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்காது, எந்த வீட்டில் போன வாரம் சாவு விழுந்தது, எந்தப் பெண் தாத்தாவிடம் வளர்கிறாள், எல்லாம் அவருக்குத் தெரியும். ஒவ்வொரு ஆகஸ்டிலும் புதிதாக இறங்கும் ஆசிரியரைப் பழக்குவதும் அவர்தான். புதியவருக்கு வருஷச் சம்பளம், வீடு, ஆசிரியர் என்ற பட்டம். இவருக்கு மணிக்கணக்குக் கூலி. கோடையில் அதுவும் இல்லை. ஏன்? இவரிடம் பட்டப்படிப்பு இல்லை. அதை முடிக்க வேலையை விட வேண்டும், வீட்டில் இருக்கும் வயதானவர்களை விட வேண்டும், வருஷக்கணக்கில் வெளியே போய் இருக்க வேண்டும். இப்போது ஓடிப்போன ஆசிரியரின் வகுப்பையும் இவர்தான் பார்த்துக்கொள்கிறார். சம்பளத்தில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை.

செப்டம்பரில் என்ன நடக்கும் தெரியுமா? மூஸ் என்ற பெரிய மானை வேட்டையாடும் காலம். ஒரு பையன் அப்பாவோடு படகில் நான்கு நாள் போய் வருவான். குளிர்காலம் முழுக்க வீட்டுக்கு இறைச்சி வேண்டுமே. புதிய ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் நான்கு நாளும் ஆப்சென்ட் போட்டு, வீட்டுக்குக் கடுமையான கடிதம் அனுப்புவார். அந்தக் கடிதத்தை வருஷா வருஷம் வெவ்வேறு பெயரில் வாங்கி வாங்கி அந்த அம்மாக்களுக்கு அலுத்துவிட்டது. அந்தப் பையனுக்கு ஆற்றின் ஒவ்வொரு திருப்பமும் தெரியும். எந்தப் பனிக்கட்டி ஆளைத் தாங்கும், எது தாங்காது என்று தெரியும். ஆனால் பள்ளிக் கணக்கில் அவன் ஒழுங்காக வராதவன்.

கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். யூப்பிக் மொழியில் எண்ணுவது இருபது இருபதாக. ஐந்து என்ற சொல்லுக்குள் கை இருக்கிறது. இருபதுக்கு யூய்னக் என்பார்கள், அதற்குள் முழு மனிதரே இருக்கிறார், கைவிரலும் கால்விரலும் சேர்த்து. எவ்வளவு அழகான கணக்கு! இட மதிப்பு சொல்லித்தர இதைவிட நல்ல வழி கிடைக்குமா? இது எனக்குத் தெரியவந்தது மூன்றாம் வருஷத்தில். அதுவும் ஒரு பாட்டி கருவாட்டுத் துண்டுகளை எண்ணுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டபோது. முதல் வருஷமே கிளம்பியிருந்தால் தெரிந்திருக்குமா?

அப்புறம் வசந்தத்தில் மாநிலத் தேர்வு வரும். முடிவு வெளியானதும் கிராமப் பள்ளிகள் பின்தங்கிவிட்டன என்று எல்லோரும் உச்சுக்கொட்டுவார்கள். ஒரே வருஷத்தில் மூன்று பேர் மாறி மாறிப் பாடம் நடத்திய வகுப்பு இது என்று அந்த அட்டவணையில் எங்காவது எழுதியிருக்கிறதா?

இந்தப் பள்ளி சும்மா வந்துவிடவில்லை. 1970களில்கூட உயர்நிலைப் பள்ளி படிக்க வேண்டுமென்றால் இந்தப் பிள்ளைகள் வீட்டை விட்டு எங்கோ தூரத்து விடுதிக்குப் போக வேண்டும். சிலர் அலாஸ்காவைத் தாண்டி ஆரிகன் வரை போனார்கள். அங்கே தாய்மொழி பேசியதற்காக அடி வாங்கியவர்கள் இன்றும் பாட்டி தாத்தாவாக இருக்கிறார்கள். 1972-இல் கிராமத்து மாணவர்கள் மாநிலத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். எமோனக் கிராமத்து மாலி ஹூச் என்ற பெண்ணின் பெயரால்தான் அந்த வழக்கு அறியப்படுகிறது. 1976-இல் சமரசம் ஏற்பட்டு, 126 கிராமங்களில் உயர்நிலைப் பள்ளி நடத்த மாநிலம் ஒப்புக்கொண்டது. பிள்ளைகளே போராடி வாங்கிய பள்ளிக்கூடம். அதில் நிற்க ஆசிரியர் இல்லை!

வருகிற எல்லோரையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் "ஒரு வருஷ அனுபவத்துக்காக வந்திருக்கிறேன்" என்பவர்களைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது. யாருடைய ஒரு வருஷம் அது? வேலை விளம்பரத்தில் வடதுருவ ஒளியின் படத்தைப் போட்டு அழைத்தால் படம் பிடிக்கத்தான் ஆள் வருவார். போன ஆசிரியருக்கு ஷவரில் தண்ணீர் வேகமாக வரவில்லை என்று தினமும் புலம்பல். ஆசிரியர் குடியிருப்பில் குழாயாவது இருக்கிறது. அவர் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் குழாயே இல்லை, கழிப்பதற்கும் வாளிதான். அலாஸ்காவில் இன்னும் 30-க்கும் மேற்பட்ட ஊர்களின் நிலை இதுதான்.

தங்க நினைப்பவர்களையாவது தங்க விடுகிறார்களா? 2006 ஜூலைக்குப் பிறகு சேர்ந்த ஆசிரியர்களுக்கு அலாஸ்காவில் பழைய மாதிரி நிலையான ஓய்வூதியம் கிடையாது. சோஷியல் செக்யூரிட்டி என்ற மத்திய அரசின் ஓய்வூதியத் திட்டத்திலும் அவர்கள் சேர்க்கப்படவில்லை. குடும்பம் குட்டி என்று யோசிக்கும் ஆள் நாலு வருஷத்தில் வேறு மாநிலத்துக்குக் கிளம்பாமல் என்ன செய்வார்? அந்த ஓட்டையை அடைக்கத்தான் பிலிப்பைன்ஸிலிருந்தும் மற்ற நாடுகளிலிருந்தும் எங்களைக் கூட்டிவருகிறார்கள். ஜே-1 மூன்று வருஷம், நீட்டித்தால் ஐந்து. அதற்கு மேல் நாட்டை விட்டுப் போயாக வேண்டும். எச்-1பி என்ற வேலை விசாவில் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஒருவரை எடுக்கலாம் என்றால், 2025 செப்டம்பரில் அதற்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்துவிட்டார்கள். கூரை ஒழுகினால் வாளி வைக்கும் பள்ளி எங்கே போகும் ஒரு லட்சம் டாலருக்கு?

எனக்கு இது நான்காவது வருஷம். புருவம் தெரியும், இருபது தெரியும், எந்த வீட்டுக் கதவைத் தட்டாமல் உள்ளே போகலாம் என்றும் தெரியும். இப்போதுதான் உருப்படியாகப் பாடம் நடத்துகிறேன். அடுத்த வருஷத்தோடு என் விசா முடிகிறது.

இதற்கு வழியே இல்லை என்று யாரும் சொல்லாதீர்கள். பெத்தெலில் யூப்பிக் மொழியிலேயே பாடம் நடத்தும் பள்ளி 1990களிலிருந்து இருக்கிறது, உள்ளூர்ப் பெண்களே ஆசிரியர்களாக நின்று நடத்திய பள்ளி. எங்கும் ஓடிப்போகாத ஆசிரியர் இந்த ஊரிலேயே இருக்கிறார், இந்த நேரத்தில் நான்காம் வகுப்பில் நின்றுகொண்டிருக்கிறார். மாதா மாதம் ஆள் தேட விளம்பரத்துக்கும் விமானச் சீட்டுக்கும் செலவழிக்கும் பணத்தில் அவர் படிப்புக்குக் கட்டுங்கள். சம்பளத்தோடு படிக்க விடுங்கள். 22 வருஷ அனுபவத்தைப் படிப்பில் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை பள்ளி நிர்வாகக் கூட்டம். மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒருவர் வருகிறாராம், வானிலை விட்டால். அந்தப் பையனின் மூன்று வருஷக் கோப்பையும் கையோடு எடுத்துக்கொண்டு போகிறேன். அவன் அம்மாவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.