டயல் கேஜ் வைக்காம இன்ஜின் மாத்தாதீங்கய்யா

மறுபடியும் கியர் பாக்ஸ் இறங்கிடுச்சு. பழைய இன்ஜின் மாத்திப் போட்ட அதே ஜீப்பு, அதே சத்தம், ஷெட்ல அதே பதில்: "பழைய இன்ஜின்ணா, கொஞ்சம் அப்டிதான் இருக்கும்."

இருக்காது. இருக்கவே கூடாது. ஓ.எம். 616 அது. 1973-ல மெர்சிடிஸ் 240 டி கார்ல வந்து, அப்புறம் நம்ம ஊர்ல மேட்டடார் வேன்லயும் டிராக்ஸ் வண்டியிலயும் ஓடுன 2.4 லிட்டர் இன்ஜின். ஊரு பூரா "பென்ஸ் இன்ஜின்"னே பேரு. எத்தனை அம்பாசிடருக்குள்ள இந்த இன்ஜின் ஏறி, சும்மா ஜம்முனு ஓடியிருக்கு! அதப் போயி குறை சொல்றீங்களே, இன்ஜினையும் கியர் பாக்ஸையும் சேக்க நடுவுல நீங்க அடிச்சு வச்ச தட்டு எந்த லட்சணத்துல இருக்குன்னு ஒரு தடவயாவது அளந்தீங்களா?

ஏன் பழைய இன்ஜினுக்குப் போறாங்கன்னு இந்த வட சென்னைப் பக்கம் யாருக்கும் விளக்க வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல், ரெண்டும் போதும். எண்ணூர், மணலி, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி சுரங்கப்பாலம், எங்க பாத்தாலும் தண்ணி. இப்ப வர்ற காமன் ரெயில் டீசல் வண்டியில ஈ.சி.யூ.ங்கற இன்ஜின் கம்ப்யூட்டரும் கனெக்டரும் நனைஞ்சா வர்ற பில்ல பாத்துட்டு, "கம்ப்யூட்டரே இல்லாத இன்ஜின் போட்டுடுப்பா"ன்னு முடிவு பண்றாங்க. இன்ஜின் சுத்துலயே இயங்குற டீசல் பம்ப்பு, ஹீட்டர் பிளக், ஸ்டார்ட்டர், அவ்ளோதான். அந்த ஆசையில தப்பே கிடையாது. ஆசப்பட்டவன் தலையில மொளகா அரைக்கறதுதான் தப்பு.

"தட்டு அடிச்சா அப்டியே உக்காந்துடும்ணா." இந்த வார்த்தையக் கேட்டாலே ரத்தம் கொதிக்குது.

எப்படி அடிச்சாங்க தெரியுமா அந்தத் தட்ட? கிளட்ச மூடியிருக்கற கூடு, அதான் பெல் ஹவுசிங், அது வாயில கிரீஸ் தடவி, அட்டைய வச்சு அழுத்தி, ஓட்டை அச்சு எடுத்தாங்க. இன்ஜின் பின்பக்கத்துக்கும் அதே மாதிரி இன்னொரு அட்டை. ரெண்டு அட்டையையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சு, கண்ணால பாத்து நடு சேத்தாங்க. கண்ணால! அப்புறம் எம்.எஸ். இரும்பு பிளேட்ட கேஸ் கட்டிங்ல வெட்டி, சென்டர் பஞ்ச் அடிச்சு, டிரில் போட்டாங்க. கேஸ்ல வெட்டுன பிளேட் சூட்டுல வளையும்னு பட்டறையில நிக்கற சின்னப் பையனுக்குக்கூட தெரியும். ரெண்டு முகத்தையும் லேத்துல ஃபேசிங் எடுக்கணும், முடிஞ்சா சர்ஃபேஸ் கிரைண்டிங். எடுக்கல. பெயின்ட் அடிச்சு, கறுப்பா பளபளன்னு காட்டினாங்க.

போல்ட்டு நடுவ பிடிக்காது. இத எத்தனை தடவ சொல்றது? எம் 10 போல்ட்டுக்கு 11 மி.மீ. ஓட்டை போடறீங்க. அந்த இடைவெளியில தட்டு எந்தப் பக்கம் வேணா நகரும். போல்ட்டு இறுக்கத்தான். நடுவ பிடிக்கறது டவல் பின்னு, ரெண்டே ரெண்டு டவல் பின்னு. அந்த ஜீப்புல அது ஒண்ணுகூட இல்ல.

அதனால என்ன ஆச்சு? இன்ஜினோட கிராங்க் ஷாஃப்ட் ஒரு நடுவுல சுத்துது, கியர் பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் வேற நடுவுல சுத்துது. வண்டி வெளிய வந்து கொஞ்ச நாள்ல, கிளட்ச்ச முழுசா மிதிச்சும் ரிவர்ஸ் விழல, கர்ர்ர்னு கடிக்குது. அதுக்கு என்ன பண்ணாங்க? ஸ்லேவ் சிலிண்டர்ல ஏர் எடுத்தாங்க. போகல. மாஸ்டர் சிலிண்டர் கிட் மாத்தினாங்க. போகல. "பிரஷர் பிளேட் வீக்"னு புது செட்டு. பாக்ஸ இறக்குனப்போ பழைய கிளட்ச் பிளேட்டோட ஹப்புல விரிசல், டேம்ப்பர் ஸ்பிரிங் ரெண்டு லூசு, ஸ்ப்ளைன் பல்லு ஒரு பக்கமா தேஞ்சு கிடக்கு. இதப் பாத்ததுமே நடு தப்புன்னு புரிய வேண்டாமா? கையில பிடிச்சுத் திருப்பிப் பாத்துட்டு, "டூப்ளிகேட் பிளேட்டுணா"ன்னு தூக்கிப் போட்டுட்டாங்க. புது பிளேட் போச்சு. இன்புட் பேரிங் ஊளையிட ஆரம்பிச்சுது. பேரிங் மாத்துனாங்க. மூணாவது கியர் தானா நியூட்ரலுக்குத் துள்ளுது. இப்ப, "பாக்ஸே போயிடுச்சு, வேற பாக்ஸ் பாக்கலாம்"ங்கறாங்க. அந்தப் பாக்ஸ் என்னய்யா பாவம் பண்ணுச்சு? பொருளு பூரா வண்டிக்காரன் காசு, கூலி உங்களுக்கு, பழி இன்ஜினுக்கா?

பண்ண வேண்டியது பெரிய வித்தை இல்ல. கிளட்ச கழட்டிட்டு, மேக்னட் ஸ்டாண்ட ஃப்ளைவீல் மேல ஒட்டணும். தட்டையும் வெறும் பெல் ஹவுசிங்கையும் மாட்டணும், முகத்துல பெயின்ட்டோ பிசிறோ இல்லாம தேச்சுட்டு. துளி விலகலையும் முள்ளுல காட்டற டயல் கேஜ அந்த ஸ்டாண்டுல மாட்டி, அதோட முனைய, கியர் பாக்ஸ் உக்கார்ற வட்டத்தோட உள் சுவர்ல தொட வச்சு, கிராங்க கையால ஒரு முழு சுத்து. முள்ளு மொத்தமா 0.25 மி.மீ.க்கு மேல ஆடக் கூடாது. முள்ளு காட்டறது நிஜ விலகலோட ரெண்டு மடங்கு, அதாவது 0.60 காட்டினா நடு 0.30 தள்ளி இருக்கு. போல்ட்ட லேசா தளத்தி, ரப்பர் சுத்தியால தட்டி, இறுக்கி, மறுபடி சுத்தணும். சரியா வந்ததும் எதிரெதிரா ரெண்டு இடத்துல துளச்சு, ரீமர் விட்டு, டவல் பின் இறக்கணும். அப்புறம் பெல் ஹவுசிங்கோட பின் பக்க முகத்துலயும் அதே மாதிரி ஒரு சுத்து. அப்ப மட்டும் கிராங்க் முன்ன பின்ன ஆடாம ஒரு பக்கமா தள்ளிப் பிடிக்கணும், இல்லன்னா எண்டு பிளேய சேத்து அளந்துடுவீங்க. அரை நாள் வேலை. தட்ட ஒழுங்கா வெட்டிக் குடுக்க அம்பத்தூர் எஸ்டேட்ல வி.எம்.சி.ங்கற கம்ப்யூட்டர் வெட்டு மெஷின் வச்சு ஜாப் ஒர்க் பண்றவங்க இருக்காங்க. இங்கருந்து எவ்ளோ தூரம்? மணலி ரோட்ல கன்டெய்னர் லாரி வரிசையில நிக்கற நேரம்தான்.

தட்டோட கனத்த கணக்குல எடுக்காதது அடுத்த அநியாயம். 20 மி.மீ. தட்டு போட்டா பாக்ஸ் முழுசும் 20 மி.மீ. பின்னால போகுது. இன்புட் ஷாஃப்ட் மூக்கு, கிராங்க் முனையில அதத் தாங்கற பைலட் பேரிங்க விட்டு வெளிய வந்துடும். அதுக்கு நீளமா ஒரு பாஸ்பர் பிரான்ஸ் புஷ் கடையணும். அந்த ஜீப்புல மூக்கு வெறும் காத்துல சுத்திட்டு இருந்துச்சு. ரிலீஸ் பேரிங் பிரஷர் பிளேட் விரல எட்டாது. ஸ்டார்ட்டர் பெல் ஹவுசிங் பக்கம் மாட்டறதா இருந்தா பினியன் ரிங் கியர்ல பாதிதான் கடிக்கும், பல்லு தின்னுடும். எல்லாம் ஒரே தட்டோட விளைவு.

இதுல வண்டி 3 இன்ச் தூக்கினது வேற. தூக்கின வண்டின்னா முன்னாடியே ப்ராப்பெல்லர் ஷாஃப்ட் சாய்வு ஏறியிருக்கும். பாக்ஸும் பின்னால நகந்தா ஷாஃப்ட்ட வெட்டிக் குறைக்கணும், பேலன்சும் பண்ணணும். பாக்ஸ் ஃபிளாஞ்சும் டிஃபரன்ஷியல் ஃபிளாஞ்சும் ஒண்ணுக்கொண்ணு இணையா இருக்கணும், வித்தியாசம் 1 டிகிரிக்குள்ள. ஷாஃப்ட் முனையில இருக்கற கிராஸ் ஜாயின்ட் வேலை செய்யற கோணம் 3 டிகிரிய ஒட்டி இருந்தா நல்லது. இன்ஜின் வால இஷ்டத்துக்கு இறக்கி, மவுன்ட்ட வெல்டு வச்சுட்டு, 60-ல நடுங்குதுன்னா டயர் பேலன்ஸ் பண்ணச் சொல்றாங்க!

இன்ஜின் அடியில ஆயில் நிக்கற சம்ப்புக்கும் ஆக்சிலுக்கும் இடைவெளி அளந்த விதம் இருக்கே, அத நினைச்சா வயிறு எரியுது. முன்னாடி நேர் ஆக்சில் இருக்கற வண்டிய நாலு ஸ்டாண்டு மேல தூக்கி வச்சா ஆக்சில் தொங்கும். அப்ப ஒரு சாண் இடைவெளி தெரியும். "பாருங்க, கை போகுது!" கை போகாம என்ன பண்ணும்? ஆக்சில, அது மேல வர்றத நிறுத்தற பம்ப் ஸ்டாப் ரப்பர் நசுங்கற வரை ஏத்திப் பாக்கணும், ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துலயும், ஒத்தப் பக்கமாவும். அப்பவும் 25 மி.மீ. மிச்சம் வேணும், ஏன்னா இன்ஜினும் மவுன்ட் ரப்பர் மேல ஆடும். முன் சக்கரம் தனித்தனியா ஆடற டார்ஷன் பார் வண்டின்னா டிஃபரன்ஷியல் கூடு சேசிஸ்லயே நிக்கும், அங்க ஸ்டியரிங் ராட ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சுப் பாத்தா போதும். இதெல்லாம் பாக்காம காட்டுப்பள்ளி மணல்ல ஒரு குதி குதிச்சா சம்ப்பு பொத்துக்கும்.

ரேடியேட்டர்ல ஃபேனுக்கு ஷ்ரவுட், அதான் ஃபேன சுத்தி வர்ற கூண்டு, வைக்கறதில்ல, "ஏர் நல்லா வரும்"ங்கறாங்க. ஷ்ரவுட் இல்லன்னா ஃபேன் பக்கத்துக் காத்தையே சுத்தி சுத்தித் தள்ளும், சித்திரை வெயில்ல டிராஃபிக்ல நின்னா முள்ளு மேல போகும். பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் பம்ப்பு இருக்கான்னு பாக்காமயே ட்ரயல் எடுக்கறாங்க. உயிரு போற விஷயம்யா இது.

காசு வாங்கறதுக்கு முன்னாடி சட்டத்த சொல்லுங்க. "ஆர்.சி. பாத்துக்கலாம்ணா"ன்னு சொல்ற வாய அடைக்கணும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி குடுத்த விவரத்துக்கு மாறா வண்டிய மாத்தாதேங்குது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லிடுச்சு. அதே வருஷத் திருத்தத்துல வந்த 182ஏ பிரிவுப்படி ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபா அபராதம், இல்ல 6 மாசம் வரை ஜெயில், இல்ல ரெண்டும். விபத்து ஆனா இன்சூரன்ஸ்காரன் மொதல்ல இன்ஜின் நம்பரத்தான் பாப்பான். இத மறைச்சு வேலை எடுக்கறது ஏமாத்து.

அப்புறம் அந்த கேஸ்கெட் பேஸ்ட்டு! சம்ப்பு மாட்டும்போது எதுக்குய்யா டியூப் டியூபா பிதுக்கறீங்க? வெளிய வழிஞ்ச அளவு உள்ளயும் வழிஞ்சிருக்கும். அது பிஞ்சு விழுந்து ஆயில் ஸ்ட்ரெய்னர்ல ஒட்டி, பிரஷர் குறைஞ்சு, பேரிங் ஷெல்லு உருகினதுக்கு அப்புறம் அதையும் "பழைய இன்ஜின்"ங்கறீங்க. 3 மி.மீ. கனத்துல ஒரே கோடு, போல்ட் ஓட்டைக்கு உள்பக்கமா சுத்தி வரணும். காயறதுக்குள்ள மாட்டி இறுக்குங்க, டப்பாவுல போட்டிருக்கற நேரம் ஆனதுக்கு அப்புறம் ஆயில் ஊத்துங்க.