கொடுத்தோமா, தீர்த்தோமா?

1974-இல் இந்திரா காந்தி அரசு இரண்டு எல்லை ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்டது. மே 16-இல் வங்கதேசத்தோடு. ஜூன் 26, 28 தேதிகளில் இலங்கையோடு; கச்சத்தீவு அந்தப் பக்கம் போனது இதில்தான். முதல் ஒப்பந்தம் முழுதாக நிறைவேற 41 வருஷம் ஆனது. 2015-இல் அரசியல் சட்டத்தின் 100-வது திருத்தம் இரு அவைகளிலும் நிறைவேறிய பிறகுதான் வங்கதேச மண்ணுக்கு நடுவே கிடந்த 111 இந்தியத் திட்டு நிலங்கள் வங்கதேசத்துக்குப் போயின, நம் மண்ணுக்கு நடுவே கிடந்த அவர்களுடைய 51 திட்டுகள் இங்கே வந்தன. கச்சத்தீவுக்கோ ஓர் ஓட்டெடுப்புகூட நடக்கவில்லை.

ஏன் இந்த வித்தியாசம்? இந்திய மண்ணை இன்னொரு நாட்டுக்குக் கொடுப்பதானால் அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று 1960-இல், மேற்கு வங்கத்தின் பெருபாரியில் ஒரு பாதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுக்கும் விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எல்லைத் தகராறைத் தீர்த்துக்கொள்ளத் திருத்தம் வேண்டாம் என்று 1969-இல், பாகிஸ்தானோடு இருந்த கட்ச் எல்லைத் தகராறு பற்றிய வழக்கில் சொன்னது. ஆக, கொடுத்தோமா, தீர்த்தோமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதை முதலில் முடிவு செய்வது கையெழுத்துப் போடும் அரசேதான். என் ஆட்சேபமே இங்கேதான்.

ஒப்பந்த வரைவை வெளியுறவு அமைச்சகத்தின் சட்டப் பிரிவு பார்க்கும், அமைச்சரவை ஒப்புக்கொள்ளும், கையெழுத்தாகும், பிறகு ஒப்பந்தத்தை இறுதியாக உறுதிசெய்யும் ஏற்பு ஆவணம் குடியரசுத் தலைவர் பெயரில் போகும். நடுவில் நாடாளுமன்றம் எங்குமே வராது. வெளிநாட்டு ஒப்பந்தங்கள் பற்றிச் சட்டம் இயற்ற நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தரும், ஒன்றியப் பட்டியலின் 14-வது இனத்தின் கீழ் இதற்கு ஒரு சட்டம் போடலாம். இன்றுவரை போடவில்லை.

அவசரத்தில் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையோடு போட்ட 1974 ஒப்பந்தத்தின் 5-வது பிரிவைப் பாருங்கள். இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் முன்போலவே, விசா இல்லாமல் தீவுக்கு வந்து போகலாம் என்கிறது. "மீன்பிடிக்க" என்ற சொல் அதில் கிடையாது. 6-வது பிரிவு, இரு நாட்டுக் கலங்களுக்கும் பரம்பரையாக இருந்த உரிமைகள் தொடரும் என்கிறது. என்ன உரிமை? ராமேஸ்வரம் அதை மீன்பிடி உரிமை என்று படித்தது, கொழும்பு போக்குவரத்து உரிமை என்று படித்தது. 1976 மார்ச் 23-இல் இரு நாட்டு வெளியுறவுச் செயலர்கள் மாற்றிக்கொண்ட கடிதங்கள், அனுமதியில்லாமல் அடுத்தவர் கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்று முடித்துவிட்டன. அப்போது நெருக்கடி நிலை. தமிழக அரசு ஜனவரி 31-ஆம் தேதியே கலைக்கப்பட்டிருந்தது. கேட்க சட்டமன்றமே இல்லை. வெட்ஜ் கரை என்ற மீன்வளக் கடற்பகுதி நமக்கு உறுதியானது உண்மைதான். ஆனால் அது குமரி முனைக் கடல், பாக் நீரிணைக்காரருக்கு அதனால் என்ன பயன்?

மாநிலம் பலமாக இருந்தால் கதை வேறு. 2011 செப்டம்பரில் மேற்கு வங்க முதல்வராக இருந்த மம்தா பானர்ஜி மறுத்ததும், வங்கதேசத்தோடு போட இருந்த தீஸ்தா நதிநீர் ஒப்பந்தம் கடைசி நேரத்தில் நின்றது. சட்டம் தந்த உரிமையால் அல்ல, அன்று கூட்டணியில் அவருக்கு இருந்த எண்ணிக்கையால்.

பிரிட்டனில் 2010 சட்டப்படி, ஏற்பு தேவைப்படும் ஒப்பந்தத்தைப் பொதுவாக 21 அமர்வு நாள் நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். அதுபோல இங்கேயும் ஒன்று வேண்டும். கடலும் ஆறும் சம்பந்தப்பட்டால் அந்த மாநிலத்துக்கும் வரைவு போக வேண்டும். கச்சத்தீவு ஒப்பந்தம் 1974 ஜூலை 8-இல் அமலுக்கு வந்தது. வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் அதைப் பற்றி மக்களவையில் அறிக்கை வைத்தது ஜூலை 23-இல்.