வாகண்டா ஏன் தேவைப்பட்டது

2018 பிப்ரவரியில், வாகண்டா என்ற கற்பனை ஆப்பிரிக்க நாட்டின் அரசன் சூப்பர் ஹீரோவாக வரும் ஹாலிவுட் படம் ‘பிளாக் பாந்தர்’ வெளியானபோது அமெரிக்கத் திரையரங்கு வாசல்களில் எடுத்த படங்கள் இணையமெங்கும் வந்தன, பார்த்திருப்பீர்கள். கென்டே துணி, டஷிக்கி போன்ற ஆப்பிரிக்க உடைகள், தலையில் வண்ணத் துணிக்கட்டு என்று பாட்டி முதல் பேரன் வரை கல்யாண வீட்டுக்குப் போவதுபோல் உடுத்திக்கொண்டு வந்திருந்தார்கள். சூப்பர் ஹீரோ படங்களுக்கு ரசிகர்கள் வேடம் போட்டு வருவது வழக்கம்தான். ஆனால் இது வேடம் இல்லை, திருவிழாவுக்கு வந்த கூட்டம்.

ஏன் அப்படி வந்தார்கள் என்று கேட்டால், ‘முதல் கறுப்பின சூப்பர் ஹீரோ’ என்று பலர் பதில் சொல்கிறார்கள். அது சரியில்லை. 1998இலேயே வெஸ்லி ஸ்னைப்ஸ் பிளேடாக வந்துவிட்டார். 2000இல் ஹாலி பெர்ரி ஸ்டார்ம். 2008இல் வில் ஸ்மித்தின் ஹான்காக். படக்கதைகளில் இன்னும் முன்னாலேயே, 1966இல் பிளாக் பாந்தர், 1969இல் ஃபால்கன், 1972இல் லூக் கேஜ். முகம் மட்டும் போதுமென்றால் அது எப்போதோ கிடைத்துவிட்டது. 2018இல் கிடைத்தது ஊர் என்பதுதான் என் கருத்து.

புதிதாக ஒருவரைப் பார்த்தால் நாம் முதலில் கேட்பதே ‘நீங்க எந்த ஊரு?’ என்றுதான். பெரும்பாலான கறுப்பின அமெரிக்கக் குடும்பங்களில் இந்தக் கேள்வி 1870இல் போய் முட்டி நிற்கும். அடிமைமுறை 1865இல் ஒழிந்தது. அதற்குப் பிறகு 1870இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில்தான் விடுதலை பெற்றவர்கள் எல்லோரையும் முதன்முதலில் பெயர் சொல்லி எழுதினார்கள். 1850, 1860 கணக்குகளில் அடிமைகளுக்கென்று தனி ஏடு இருந்தது. மேலே முதலாளியின் பெயர். கீழே வரிசையாக வயது, ஆணா பெண்ணா, நிறம். அநேகமாக எல்லா ஏடுகளிலும் அவ்வளவுதான், பெயர் கிடையாது. எந்தக் கரையிலிருந்து பிடித்து வந்தார்கள், வீட்டில் என்ன மொழி பேசினார்கள், ஒன்றும் இல்லை. கொள்ளுத்தாத்தாவைத் தேடிப் போகும் ஒருவர் அந்த ஏட்டில் ஒரு வயதை வைத்துக்கொண்டு ‘இவராக இருக்கலாம்’ என்று ஊகிக்கத்தான் முடியும். மால்கம் லிட்டில் என்ற கறுப்பினத் தலைவர் ‘லிட்டில்’ என்ற குடும்பப் பெயர் அடிமை முதலாளி கொடுத்தது என்று அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, தொலைந்துபோன ஆப்பிரிக்கப் பெயருக்குப் பதிலாக எக்ஸ் என்று வைத்துக்கொண்டார்.

1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கூலிகளாகப் போனவர்கள் பட்ட பாடும் கொஞ்சநஞ்சமல்ல. ஆனாலும் அந்த ஒப்பந்தக் கப்பல்களின் பட்டியலில் பெயர், தந்தை பெயர், கிராமம், ஜில்லா என்று எழுதி வைத்தார்கள். இன்று டர்பனில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம் தேடினால், அதிர்ஷ்டம் இருந்தால், தன் கிராமத்தின் பெயரைக் கண்டுபிடித்துவிடலாம். ‘நாமும் கறுப்புதானே, நமக்கும் இதே கதைதானே’ என்று சட்டென்று சொல்லிவிடும் நண்பர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். கறுப்பின அமெரிக்கர்கள் இழந்தது நம்மால் எளிதில் எண்ணிப் பார்க்கக்கூடியது இல்லை.

அப்படிப்பட்டவர்களுக்குத்தான் ஒருபோதும் பிடிபடாத, யாருக்கும் அடிமைப்படாத வாகண்டா என்ற நாடு திரையில் வந்தது. மொழி உண்டு, முன்னோர் உண்டு, அவர்களோடு பேசவும் வழி உண்டு. மூலிகையைக் குடித்ததும் அரசன் டிச்சாலா முன்னோர் உலகத்துக்குப் போகிறான். விரிந்த புல்வெளி, மரக்கிளையில் கருஞ்சிறுத்தைகள், இறந்துபோன தந்தை எழுந்து வருகிறார். அதே மூலிகையைப் படத்தின் வில்லன் கில்மங்கரும் குடிக்கிறான். தந்தை வாகண்டா இளவரசர் என்றாலும் இவன் பிறந்து வளர்ந்தது அமெரிக்காவில். அவனுக்குப் புல்வெளி வரவில்லை. கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரில் அவன் வளர்ந்த சின்ன அடுக்குமாடி வீடுதான் வருகிறது. ஜன்னலுக்கு வெளியே மட்டும் முன்னோர் உலகத்தின் ஊதா வானம். உள்ளே தந்தை. எனக்காக அழ மாட்டாயா என்று கேட்கிறார். எல்லாரும்தான் சாகிறார்கள், இங்கே அப்படித்தான் என்கிறான் சிறுவனாக மாறி நிற்கும் கில்மங்கர். முன்பே உன்னை ஊருக்குக் கூட்டிப் போயிருக்க வேண்டும் என்று தந்தை கலங்குகிறார். இந்தப் படத்தில் எத்தனையோ சண்டைகள் உண்டு. எனக்கு மனத்தில் நிற்பது இந்த ஒரு அறைதான். முன்னோர் உலகத்துக்குப் போனாலும் ஓக்லண்டைத் தாண்டிப் போக முடியாத ஒருவன். இதை எழுதி இயக்கிய ரயன் கூக்ளர் ஓக்லண்டில் பிறந்தவர். வெளியாள் ஒருவருக்கு இந்தக் காட்சி தோன்றியிருக்காது.

சின்ன விஷயங்களிலும் இதே அக்கறை தெரிகிறது. அரசிக்கு வைத்த உயரமான தொப்பி, ஜூலு இனத்தில் மணமான பெண்கள் அணிவது. எல்லைக் காவல் இனத்தார் போர்த்தியிருப்பது லெசோத்தோ நாட்டுப் போர்வை. உடைகளை வடிவமைத்த ரூத் கார்ட்டரும் கலை இயக்குநர் ஹன்னா பீச்லரும் ஆஸ்கர் வாங்கினார்கள். அந்தந்தப் பிரிவில் அதுவரை எந்தக் கறுப்பினப் பெண்ணும் வாங்கியதில்லை. டிச்சாலா பேசும் ஆங்கிலத்தில் ஆப்பிரிக்க உச்சரிப்புதான் இருக்க வேண்டும் என்று அந்த வேடத்தில் நடித்த சாட்விக் போஸ்மன் பிடிவாதமாக நின்றார். யாராலும் ஆளப்படாத நாட்டின் அரசன் எதற்காக வெள்ளைக்காரன் மாதிரி பேச வேண்டும் என்பது அவர் வாதம். டிச்சாலாவின் தந்தையாக நடித்த தென்னாப்பிரிக்கக் கலைஞர் ஜான் கானியின் தாய்மொழி கோசா. அதையே வாகண்டாவின் மொழியாக வைத்துக்கொண்டார்கள்.

அப்புறம் அந்தப் பொய்முடிக் காட்சி. தென்கொரியாவின் பூசான் நகரச் சூதாட்ட விடுதிக்கு ரகசியமாகப் போகும்போது தளபதி ஒக்கோயே மழித்த தலையில் நீண்ட பொய்முடி வைத்துக்கொண்டு, இது என்ன கண்றாவி என்று முணுமுணுத்துக்கொண்டே வருவாள். சண்டை தொடங்கியதும் அதைக் கழற்றி எதிரியின் முகத்தில் வீசுவாள். நம்மூரில் பார்த்தால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் சுருள்முடியை ரசாயனம் போட்டு நீட்டினால்தான் ‘நாகரிகம்’ என்று பள்ளியிலும் அலுவலகத்திலும் கேட்டு வளர்ந்த பெண்ணுக்கு அது வெறும் சிரிப்பா? இயற்கையான முடிக்காக ஒருவரை ஒதுக்கக் கூடாது என்று கலிபோர்னியா சட்டம் போட்டதே 2019இல்தான். அமெரிக்க மாநிலங்களில் அதுவே முதல்.

‘குழந்தைகளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்’ என்பவர்கள் கிளார்க் தம்பதியின் ஆய்வைப் படிக்க வேண்டும். கென்னத், மேமி இருவரும் கறுப்பின உளவியலாளர்கள். 1940களில் 3 முதல் 7 வயது வரையுள்ள கறுப்பினக் குழந்தைகள் முன்னால் நிறம் தவிர எல்லாம் ஒன்றுபோலிருந்த பொம்மைகளை வைத்தார்கள். எது நல்ல பொம்மை என்று கேட்டதற்குப் பெரும்பாலான குழந்தைகள் வெள்ளையை எடுத்தன. எது கெட்டது என்றதும் பழுப்பைக் காட்டின. கடைசியில், உன்னைப் போல இருப்பது எது என்று கேட்டபோது சில குழந்தைகள் அழுதுகொண்டே அறையைவிட்டு ஓடின. பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்ற 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த ஆய்வையும் சுட்டிக்காட்டியது. பழுப்பு பொம்மை மேசைமேலேயேதான் இருந்தது என்பதைக் கவனியுங்கள். அந்த நிறத்தைப் பற்றி அந்தக் குழந்தைகள் அதுவரை கேட்ட கதைகள்தான் அதை ஒதுக்கித் தள்ளின.

போஸ்மன் 2020 ஆகஸ்டில் 43 வயதில் இறந்தார். 2016இலேயே புற்றுநோய் என்று தெரிந்தும் வெளியே சொல்லாமல் நடித்திருக்கிறார். செய்தி வந்ததும் பல வீடுகளில் குழந்தைகள் பொம்மைகளைச் சுற்றி நிறுத்தி, நடுவில் பிளாக் பாந்தரைக் கிடத்தி, இறுதிச் சடங்கு செய்தார்கள். ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரை ஒரு போலீஸ்காரர் கழுத்தில் முழங்காலை அழுத்திக் கொன்ற அதே ஆண்டு அது. அந்தப் பிள்ளைகள் அழுதது ஒரு நடிகருக்காக மட்டும் என்று நான் நினைக்கவில்லை.

‘படத்தைத் தயாரித்த டிஸ்னி காசு பார்த்தது, அவ்வளவுதான்’ என்பார்கள். பார்த்தது, 130 கோடி டாலருக்கு மேல். அதில் ஏறக்குறைய பாதி அமெரிக்காவுக்கு வெளியே வந்தது. கறுப்பின நடிகர்கள் நிறைந்த படம் வெளிநாட்டில் ஓடாது என்று ஹாலிவுட் சொல்லிவந்த சாக்கு அத்தோடு போயிற்று. அது நல்லதுதான்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது வேறு இடத்தில். உலகெங்கும் ஒடுக்கப்பட்ட கறுப்பினத்தாருக்கு வாகண்டா ஏன் உதவவில்லை என்று நியாயமான கேள்வி கேட்கும் கில்மங்கரைக் கொலைவெறியனாக்கிக் கதையை முடித்துவிடுகிறார்கள். அவன் அனுப்பும் விமானங்களைச் சுட்டு வீழ்த்தும் நல்லவர் யார்? அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ.வின் ஆள். காங்கோவின் பிரதமர் லுமும்பாவைக் கொல்லத் திட்டம் போட்டதாக 1975இல் அமெரிக்க செனட் குழுவே பதிவு செய்த அமைப்பு அது. ஆப்பிரிக்காவை மீட்கும் கதையில் அதற்கு இப்படி ஓர் இடம் கொடுத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. கூக்ளரைக் குறை சொல்வதா, கதை யார் கையில் இருக்கிறதோ அவர்களைச் சொல்வதா?

வாகண்டா கூக்ளருக்குச் சொந்தமில்லை. அது டிஸ்னியின் சொத்து, நாளை யாரை வேண்டுமானாலும் வைத்து எடுத்துக்கொள்ளலாம். அதனால்தான் 2025இல் வெளியான ‘சின்னர்ஸ்’ படத்துக்காக வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோவுடன் அவர் போட்ட ஒப்பந்தம் எனக்கு எந்தச் சூப்பர் ஹீரோ படத்தைவிடவும் முக்கியமாகப் படுகிறது. அவருடைய தாத்தா பிறந்த மிசிசிப்பியில் நடக்கும் கதை அது. வெளியாகி 25 ஆண்டுகள் ஆனதும், அதாவது 2050இல், படம் முழுவதும் அவருடையதாகிவிடும்.