ஹைரைடர், கிராண்ட் விட்டாரா ஹைபிரிட்: மைலேஜுக்கு அப்பால் சில கருத்துகள்

டொயோட்டா ஹைரைடர், மாருதி சுசுகி கிராண்ட் விட்டாரா ஆகிய இரு வண்டிகளின் ஹைபிரிட் (பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்த) வகையைப் பற்றி நண்பர்களும் உறவினர்களும் தொடர்ந்து விசாரித்துக்கொண்டே இருக்கிறார்கள். இவற்றில் ஒன்று எங்கள் வீட்டில் சில ஆண்டுகளாகக் கோயம்புத்தூர் நகருக்குள்ளும் வெளியூர்ப் பயணங்களிலும் ஓடிக்கொண்டிருப்பதுதான் அதற்குக் காரணம். கேட்பவர்களில் பெரும்பாலோர் மைலேஜில் தொடங்கி மைலேஜிலேயே முடித்துவிடுகிறார்கள். வைத்திருப்பவர்களிடம் விசாரித்தாலோ, ஒருவர் 24 கிடைக்கிறது என்று புகழ்கிறார். இன்னொருவர் 17-ஐத் தாண்டவில்லை என்று நொந்துகொள்கிறார். இருவருமே பொய் சொல்லவில்லை என்பதுதான் என் எண்ணம். எந்தச் சாலையில், எந்த நேரத்தில், எத்தனை பேரை ஏற்றிக்கொண்டு ஓட்டுகிறோம் என்பதைப் பொறுத்து இந்த வண்டியின் குணம் மற்றப் பெட்ரோல் வண்டிகளைக் காட்டிலும் அதிகமாக மாறுகிறது.

அதற்கும் முன்பாக, எந்த வண்டியைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. 2022 செப்டம்பரில் விற்பனைக்கு வந்த இவ்விரண்டும் அடிப்படையில் ஒரே வண்டிதான். பெங்களூருக்கு அருகே பிடதியில் உள்ள டொயோட்டா தொழிற்சாலையில்தான் இரண்டும் உருவாகின்றன. ஆனால் இரண்டிலும் 'மைல்ட் ஹைபிரிட்', 'ஸ்டிராங் ஹைபிரிட்' என இரு வகைகள் உண்டு. மைல்டில் இருப்பது சுசுகியின் நான்கு சிலிண்டர் எஞ்சின். அதோடு இணைந்த சிறு மோட்டார் எஞ்சினுக்குக் கை கொடுக்குமே தவிர, தனியாக வண்டியை நகர்த்தாது. ஸ்டிராங்கில் இருப்பது டொயோட்டாவின் மூன்று சிலிண்டர் எஞ்சினும், வண்டியைத் தானே இழுத்துச் செல்லக்கூடிய 80 குதிரைத்திறன் மோட்டாரும். 'ஹைபிரிட் வாங்கினேன், மைலேஜே இல்லை' என்று குறைபட்டவர்கள் சிலரிடம் மேற்கொண்டு விசாரித்தபோது அவர்களிடம் இருந்தது மைல்ட் வகை என்று தெரிந்தது. கடையில் அவர்களுக்கு அதை யாரும் விளக்கிச் சொல்லவில்லை என்பது எனக்கு வியப்பளிக்கவில்லை. இந்தப் பதிவில் நான் பேசுவதெல்லாம் ஸ்டிராங் ஹைபிரிட் பற்றியே.

வாகனங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் ஏஆர்ஏஐ அமைப்பின் சோதனையில் இதற்குக் கிடைத்த எண் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர். அந்த எண்ணை எதிர்பார்த்து வாங்க வேண்டாம். எங்களுக்கு நகரத்துக்குள் 21, 22 என்று கிடைக்கிறது. மழைக்காலத்தில் ஏசியைக் குறைத்து வைத்தால் இன்னும் கொஞ்சம் கூடுகிறது. நெடுஞ்சாலையில் நூறைத் தாண்டி விரட்டினால் 18-க்கு இறங்கிவிடுகிறது. நகரத்தில் குறைவாகவும் நெடுஞ்சாலையில் கூடுதலாகவும் மைலேஜ் தரும் வண்டிகளிலேயே பழகிய நமக்கு இது தலைகீழாகத் தோன்றலாம். ஆனால் வண்டியின் அமைப்பே அப்படிப்பட்டது. நின்று நின்று நகரும் சாலையில் எஞ்சின் பெரும்பகுதி நேரம் அணைந்தே கிடக்கிறது. ஒவ்வொரு முறை வேகத்தைக் குறைக்கும்போதும், வழக்கமாகப் பிரேக்கில் சூடாகி வீணாகும் ஆற்றலில் ஒரு பங்கை மோட்டார் மின்சாரமாக்கிப் பேட்டரிக்கு அனுப்பிவிடுகிறது. நெடுஞ்சாலையில் பிரேக் பிடிக்கும் தேவையே குறைவு என்பதால் அந்த வரவும் குறைந்துவிடுகிறது. எஞ்சினும் விடாமல் ஓட வேண்டியிருக்கிறது. பேட்டரியின் கொள்ளளவு வெறும் 0.76 கிலோவாட் மணிதான். முழு மின்சாரக் கார்களின் பேட்டரியோடு ஒப்பிட்டால் இது மிகமிகச் சிறியது. மெதுவாக ஓட்டினாலும் சில கிலோமீட்டருக்கு மேல் தனித்து இழுக்காது. சார்ஜ் போட இதில் இடமும் இல்லை, தேவையும் இல்லை. ஆயினும் 'ராத்திரி முழுக்கச் சார்ஜ் போடணுமாங்க?' என்று எங்கள் தெருவில் இன்றைக்கும் கேட்கிறார்கள்.

நான் இந்த வண்டியை விரும்புவதற்கு முதன்மையான காரணம் மைலேஜ் அன்று. ஏப்ரல் மாத நடுப்பகலில் சிங்காநல்லூர் சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் அணைந்திருக்கிறது, ஏசி மட்டும் அதே குளிர்ச்சியோடு ஓடிக்கொண்டிருக்கிறது. மற்ற வண்டிகளில் சிக்னலில் தானாக எஞ்சின் நிற்கும் வசதி இருந்தாலும், அங்கே ஏசி கம்ப்ரஸரை எஞ்சின்தான் சுற்ற வேண்டும் என்பதால் அரை நிமிடத்தில் வெறும் காற்றுதான் வரும். அந்த வசதியை அணைத்து வைத்து ஓட்டுபவர்களே மிகுதி. இதில் கம்ப்ரஸர் மின்சாரத்தில் ஓடுவதால் அந்தச் சிக்கல் இல்லை. பச்சை விளக்கு விழுந்ததும் உதறலோ உறுமலோ இன்றி வண்டி வழுக்கிக்கொண்டு நகர்கிறது. பக்கத்தில் ஆட்டோவும் பேருந்தும் அதிர்ந்துகொண்டிருக்க, உள்ளே இருப்பவர்கள் குரலை உயர்த்தாமல் பேச முடிகிறது. முழங்கால் வலியுள்ள என் அம்மா, பழைய வண்டியில் ஊர்ந்து ஊர்ந்து செல்லும்போது ஏற்பட்ட குலுக்கல் இதில் இல்லை என்று தாமாகவே சொன்னார். இவற்றையெல்லாம் விளம்பரத்தில் எண்ணாக எழுதிக் காட்ட முடியாது என்பதாலோ என்னவோ, விற்பவர்களும் இவற்றை அழுத்திச் சொல்வதில்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. எஞ்சினும் மோட்டாரும் சேர்ந்தே 116 குதிரைத்திறன்தான். இதே விலையில் கிடைக்கும் டர்போ பெட்ரோல் வண்டிகளையோ, 250 நியூட்டன் மீட்டர் இழுவிசை கொண்ட கொரிய டீசல் வண்டிகளையோ ஓட்டிப் பழகியவர்களுக்கு, நெடுஞ்சாலையில் லாரியை முந்தும்போது இது சோம்பலாகத்தான் படும். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் எஞ்சின் சத்தம் முதலில் ஏறி நிற்கும், வேகம் அதன் பிறகு மெல்ல வந்து சேரும். மூன்று சிலிண்டர் என்பதால் அந்தச் சத்தத்தில் ஒரு கரகரப்பும் இருக்கிறது. இதன் கியர் அமைப்பை 'இ-சிவிடி' என்று அழைப்பதால், பெல்ட்டில் இயங்கும் சிவிடி என்ற தானியங்கி கியர் கொண்ட மற்ற வண்டிகளைப்போல் இதிலும் பெல்ட் தேயும் என்று அஞ்சுபவர்கள் இருக்கிறார்கள். இதில் பெல்ட்டும் இல்லை, கிளட்ச்சும் இல்லை. கோள்களைப்போல் ஒன்றையொன்று சுற்றும் பற்சக்கரங்கள்தான் எஞ்சினின் விசையையும் மோட்டாரின் விசையையும் கலந்து சக்கரத்துக்கு அனுப்புகின்றன. 1997-இல் ஜப்பானில் வந்த பிரியஸ் காரிலிருந்து தொடரும் அமைப்பு இது என்பதால், நீடித்து உழைப்பதைப் பற்றி எனக்குப் பெரிய ஐயம் இல்லை.

மலைப்பாதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். குடும்பத்தோடு ஏறும்போது பாதி வழியிலேயே பேட்டரி இறங்கிவிடுகிறது. அதன்பின் மலையேற்றத்தின் சுமை முழுவதும் எஞ்சின்மேல் விழுவதால் சத்தம் ஓயாது. இறங்கும்போது நிலைமை நேர்மாறு. சில வளைவுகளுக்குள்ளேயே பேட்டரி நிறைந்துவிடும். அதன்பின் மோட்டார் கொடுத்துவந்த பிடிமானம் குறைந்து, கியர் லீவரை 'B' நிலைக்குத் (பார்க்கிங்குக்கான 'P' அன்று) தள்ளாவிட்டால் பிரேக்கையே நம்பி இறங்க வேண்டியிருக்கும். 'B' நிலையில் எஞ்சின் வேகமாகச் சுழன்று வண்டியைப் பிடித்துக்கொள்ளும்போது எழும் இரைச்சலைக் கேட்டு முதல் முறை ஓட்டுபவர்கள் பதறிப்போவார்கள். அது பழுது அன்று, இயல்பு. இதை யாரேனும் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

டிக்கிதான் இந்த வண்டியின் உண்மையான விலை என்பேன். மைல்ட் வகையில் 373 லிட்டராக இருக்கும் இடம், தரைக்கு அடியில் பேட்டரி வந்து உட்கார்ந்துகொள்வதால் இதில் 265 லிட்டராகச் சுருங்கிவிடுகிறது. லிட்டர் கணக்கைவிட முக்கியம், தளம் மேலேறிப்போவதுதான்: பெரிய பெட்டியை நிமிர்த்தி வைத்தால் கதவு மூடாது, படுக்க வைத்தால் அதன்மேல் மெல்லிய பைகளைத் தவிர எதுவும் ஏறாது. பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு அரிசிச் சிப்பம், தேங்காய், வாழைத்தார் என்று ஏற்றி வரும் குடும்பம், கடைசியில் பின் இருக்கையில் இருப்பவர்களின் மடியில்தான் பாதியை வைக்க வேண்டிவரும். நான்கு மீட்டருக்கும் குறைவான சிறு கார்கள் சிலவற்றிலேயே இதைவிடத் தாராளமான டிக்கி இருக்கிறது. ஐந்து பேர் அடிக்கடி வெளியூர் போகும் வீட்டுக்கு 'நடைமுறைக்கு ஏற்ற வண்டி' என்று இதை என்னால் மனமாரச் சொல்ல முடியாது. நால்வர் கொண்ட நகரத்துக் குடும்பத்துக்குத் தாராளமாகச் சொல்வேன். 210 மில்லிமீட்டர் தரை இடைவெளி நம் ஊர் வேகத்தடைகளுக்குப் போதுமானது. பின் இருக்கையில் நடுவில் உட்கார்பவருக்கு மட்டும் கொஞ்சம் சிரமம்.

பணக் கணக்குக்கு வருகிறேன். அறிமுக விலையில் கிராண்ட் விட்டாராவின் மைல்ட் ஆட்டோமேட்டிக்குக்கும் அதே தரத்து ஸ்டிராங்குக்கும் இடையே 2.6 லட்சம் ரூபாய் வேறுபாடு இருந்தது. தமிழ்நாட்டில் 10 முதல் 20 லட்சம் வரையிலான கார்களுக்குச் சாலை வரி 18 சதவீதம் என்பதால், அந்தக் கூடுதல் தொகைக்கும் வரி கட்டினால் வேறுபாடு மூன்று லட்சத்தைத் தொடுகிறது. நகரத்தில் மைல்ட் ஆட்டோமேட்டிக் 13, ஸ்டிராங் 21 தருவதாகவும், பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்றும் வைத்துக்கொண்டால், ஆயிரம் கிலோமீட்டருக்கு மிச்சம் ஏறத்தாழ 2,900 ரூபாய். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுபவருக்குப் போட்ட கூடுதல் பணம் திரும்பிவர ஒன்பது ஆண்டுகள் ஆகும். இரண்டாயிரம் ஓட்டினால் நான்கரை ஆண்டுகள். விற்கும்போது ஒரு பகுதி திரும்பும், காற்றோட்ட இருக்கை போன்ற சில வசதிகளும் சேர்ந்து கிடைக்கின்றன என்பது வேறு. ஆனால் வாரத்துக்கு ஒருமுறை காரை வெளியே எடுக்கும் ஒருவர் 'பெட்ரோல் மிச்சம்' என்று சொல்லி இதை வாங்குவதில் பொருளே இல்லை. அவருக்கு இது வசதிக்கான செலவு. அப்படி நினைத்து வாங்கினால் தவறும் இல்லை.

இந்தக் கணக்கு இவ்வளவு இறுக்கமாக இருப்பதற்கு வரியும் ஒரு காரணம். 2025 செப்டம்பர் 21 வரை இவ்வகை ஹைபிரிட் கார்களுக்கு ஜிஎஸ்டியும் அதன்மேல் விதிக்கும் செஸ் வரியும் சேர்ந்து 43 சதவீதம், அதன்பின் 40. மின்சாரக் கார்களுக்கோ 5 சதவீதம் மட்டுமே. மின்சாரக் காருக்குச் சலுகை தருவதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் சிக்னலில் எஞ்சினை அணைத்து நிற்கும் ஒரு வண்டியை, அதே அளவுள்ள முழுப் பெட்ரோல் வண்டியோடு ஒரே தட்டில் வைத்து வரி விதிப்பது நியாயமாகப் படவில்லை. உத்தரப் பிரதேசம் 2024 ஜூலையில் ஸ்டிராங் ஹைபிரிட்டுகளுக்குப் பதிவு வரியைத் தள்ளுபடி செய்தது. வாகன உற்பத்தியில் முன்னணியில் இருக்கும் தமிழ்நாடு அதில் பாதியளவாவது யோசிக்கலாம்.

பேட்டரி போய்விட்டால் என்ன செய்வது என்ற அச்சத்துக்கு, 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் போதுமான விடை என்றே கருதுகிறேன். உண்மையில் தொல்லை தரக்கூடியது அந்தப் பெரிய பேட்டரி அன்று. எல்லாக் கார்களிலும் இருக்கும் 12 வோல்ட் பேட்டரிதான். வண்டியில் உள்ள கணினிகளை எழுப்பி, அதை ஓடத் தயாரான 'ரெடி' நிலைக்குக் கொண்டுவருவது அதன் வேலை. வண்டியைப் பல வாரங்கள் நிறுத்தி வைத்தால் அது இறங்கிவிடும். ஆட்டோமேட்டிக் என்பதால் தள்ளி ஸ்டார்ட் செய்யவும் வழியில்லை. வெளிநாட்டில் பிள்ளைகளைப் பார்க்கச் சென்று மாதக்கணக்கில் தங்கும் பெற்றோர், அண்டை வீட்டாரிடம் சாவியைக் கொடுத்து, வாரம் ஒருமுறை அரை மணி நேரம் 'ரெடி' நிலையில் வைக்கச் சொல்லிவிட்டுப் போகலாம்.

இரண்டில் எது என்று கேட்பவர்களுக்கு: எந்த நிறுவனத்தின் சர்வீஸ் மையம் உங்கள் வீட்டுக்கு அருகில் இருக்கிறதோ, எதற்குக் காத்திருப்புக் காலம் குறைவோ, அதை எடுங்கள். முகப்பு வடிவத்துக்காக மனம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் நட்டமில்லை.

டெஸ்ட் டிரைவுக்குப் போகும்போது வீட்டிலிருந்து இரண்டு பெரிய பெட்டிகளை எடுத்துச் சென்று, டிக்கியைத் திறந்து ஷோரூம் வாசலிலேயே வைத்துப் பாருங்கள். காலியான புறவழிச்சாலையில் சுற்றிக் காட்டுவார்கள். அதை ஏற்காமல், மாலை ஆறு மணி நெரிசலில் அரை மணி நேரமும், ஏதேனும் ஒரு மேம்பால ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து ஒருமுறையும் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாத ஷோரூமில் முன்பணம் கட்ட வேண்டாம்.