அந்த ஐந்து மீட்டர் பட்டை யாரும் எங்களுக்குச் செய்த உபகாரம் அன்று

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் மனைப்பிரிவின் மேற்கு எல்லையில் என்ன நடந்தது என்பதை என்னைத் தொடர்பவர்கள் அறிவார்கள்: எங்களுக்கும் பக்கத்துச் சரக்குக் கிடங்குக்கும் நடுவே மரமும் செடியுமாக இருந்த ஐந்து மீட்டர் அகலப் பட்டையைக் கிடங்குக்காரர்கள் வெட்டிவிட்டார்கள். அன்று மாலையே படங்களைப் பகிர்ந்திருந்தேன். கோபத்தில் எழுதினால் தகாத சொற்கள் வந்துவிடும் என்று இதுவரை காத்திருந்தேன். கோபம் இன்னும் தணியவில்லை. ஆனால் தெருக் குழுவிலும் அந்தப் படங்களின் கீழும் வந்த சில கருத்துகளைப் படித்தபின் பேசாமலிருப்பது சரியாகப் படவில்லை.

மரங்கள் விழுந்துகொண்டிருந்தபோது கிடங்கின் மேலாளர் எங்களிடம் சொன்னது இதுதான்: "எங்க எடத்துல நாங்க வெச்ச மரம்ங்க, நாங்க எடுக்கறோம். உங்களுக்காகத்தான் தகர வேலி போட்டுக் குடுக்கறமேங்க." அவர் மரியாதையாகத்தான் பேசினார். அந்த மரியாதைக்கு அடியில் இருந்த எண்ணம்தான் என்னை உறங்கவிடவில்லை. அந்த மரங்கள் அவர்கள் மனமிரங்கி வைத்தவை, எங்களுக்கு அவற்றின்மேல் எந்த உரிமையும் இல்லை, அவர்கள் எதைக் கொடுத்தாலும் நாங்கள் நன்றியோடு வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் அது.

அந்த இடம் தென்னந்தோப்பாக இருந்தது. தோப்பைத் தொழிற்பயன்பாட்டுக்கு மாற்றிக்கொடுத்தபோது, குடியிருப்பை ஒட்டிய எல்லை முழுவதும் ஐந்து மீட்டர் அகலத்துக்கு மரமும் செடியும் வைத்துப் பராமரிக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த நிபந்தனையின் பேரில்தான் அங்கே கிடங்கு எழுந்தது; லாரிகள் வந்தன; வாடகை வருகிறது. ஆகவே அந்தப் பட்டை அவர்கள் பெற்ற அனுமதிக்குக் கொடுத்த விலை. விலையைக் கொடுத்துப் பொருளை வாங்கிய ஒருவர், சில ஆண்டுகள் கழித்து விலையை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டு பொருளை வைத்துக்கொள்வதை வேறு எந்த வியாபாரத்திலாவது ஏற்போமா?

இந்தப் பட்டை ஏன் தேவை என்பதற்குச் சட்டத்திலேயே ஓர் எளிய கணக்கு இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, இரவு பத்து மணிக்கு மேல் குடியிருப்புப் பகுதியில் ஒலியின் வரம்பு 45 டெசிபல். தொழிற்பகுதியில் 70 டெசிபல். பகலில் முறையே 55, 75. இரண்டு பகுதிகளும் வெகு தொலைவில் இருந்தால் இதில் சிக்கல் இல்லை. எங்கள் ஊரில் நடப்பதுபோல, வரைபடத்தில் ஒரே ஒரு கோட்டின் இந்தப் பக்கம் குடியிருப்புக்கு மஞ்சளும் அந்தப் பக்கம் தொழிலுக்கு ஊதாவும் தீட்டினால், இரவில் அந்த 25 டெசிபல் எங்கே குறையும்? கோட்டுக்குக் கனம் கிடையாது. லாரி பின்னால் வரும்போது எழுப்பும் கூவலும் ஜெனரேட்டரின் உறுமலும் கோட்டைக் கண்டதும் நின்றுவிடுவதில்லை. இரண்டு பயன்பாடுகளுக்கு நடுவே இடைவெளியை விதிக்காத மண்டலப் பிரிவு காகிதத்தில் வண்ணம் தீட்டிய வேலை மட்டுமே. அந்த இடைவெளியையும் தொந்தரவை உண்டாக்குபவர் தம் நிலத்திலிருந்துதான் கொடுக்க வேண்டும்.

மரவரிசை ஒலியைப் பெரிதாகத் தடுக்காது என்று பொறியாளர் நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான். அடர்த்தியான மரக்கூட்டம் ஏறக்குறைய அறுபது மீட்டர் அகலத்துக்கு இருந்தால்தான் பத்து டெசிபல் அளவுக்குக் குறையும் என்பது அமெரிக்க நெடுஞ்சாலைத் துறையினரின் கணக்கு. ஐந்து மீட்டர் பட்டையிடம் அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒலிக்கு வேண்டியது இடைவெளி இல்லாத கனமான சுவர். தூசிக்கும் கண்ணுக்கும் வெக்கைக்கும் வேண்டியது செடிகொடி. இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும் என்றுதான் நாங்கள் கேட்கிறோம். மெல்லிய தகரம் இந்த இரண்டில் எதையும் ஒழுங்காகச் செய்வதில்லை. ஒலியில் அதுவே அதிர்கிறது; வெயிலில் காய்ந்து, பகல் முழுவதும் வெக்கையைப் பக்கத்து வீட்டுச் சமையலறைக்குள் இறக்குகிறது.

தூசியைப் பற்றி வெளியூர் நண்பர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். கோயம்புத்தூரில் ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்று என்ன வேகத்தில் அடிக்கும் என்பது இங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். கிடங்கு எங்களுக்கு மேற்கே இருக்கிறது. தார் போடாத முற்றத்தில் லாரிச் சக்கரங்கள் கிளப்பும் புழுதி அப்படியே எங்கள் வீடுகளுக்கு வருகிறது. காற்று முழுமையாக அடைக்கப்பட்ட ஒரு தடுப்பில் மோதினால், மேலேறித் தாண்டி, அப்பால் சுழன்று இறங்கும். செடியடர்ந்த வேலியில் மோதினால் இலைகளுக்கு ஊடே புகுந்து வேகம் குறையும். வேகம் குறைந்த காற்றால் புழுதியைத் தூக்கிச் செல்ல முடியாது. சொரசொரப்பான இலைகள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மழை கழுவிவிடும். அதிலும் உயரமான மரங்களை மட்டும் வைத்தால் போதாது. நெட்டிலிங்கத்தை வரிசையாக நட்டுவிட்டுப் பசுமை வளையம் என்று கணக்குக் காட்டுபவர்கள் உண்டு. புங்கனோ பூவரசோ வளர்ந்து தலை மேலே போனபின், கீழே வெறும் அடிமரம்தான் நிற்கும். அதற்குத்தான் நொச்சி, ஆடாதொடை, அரளி என்று இடுப்பளவிலும் தலையளவிலும் நிற்கும் செடிகள் கீழ் அடுக்கில் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வெட்டப்பட்ட பட்டையில் இந்த இரண்டு அடுக்கும் இருந்தன. அதை முதலில் நட்டவர் யாரோ தெரிந்து நட்டிருக்கிறார். அவருக்கு நான் மனதார நன்றி சொல்கிறேன்.

என் அப்பா வேளாண்மை செய்த நாட்களில் எங்கள் காட்டுக்கும் பெரியப்பா காட்டுக்கும் நடுவே கிளுவை வேலி இருந்தது. கொங்கு நாட்டில் வளர்ந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. மழைக்கு முன் போத்து வெட்டி நெருக்கமாக ஊன்றினால் தழைத்துவிடும், ஆடு நுழையாது, ஆண்டுதோறும் கவாத்து செய்ய வேண்டும். அப்பாவும் பெரியப்பாவும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த ஆண்டுகள் உண்டு. அந்த ஆண்டுகளிலும் வேலியின் இந்தப் பக்கத்தை அப்பாவும் அந்தப் பக்கத்தை அவரும் ஒழுங்காகக் கழித்துவிட்டார்கள். பெரியப்பா ஒருமுறை வேலி ஓரமாக வெங்காயத்துக்கு மருந்து அடிக்கப்போகும்போது, காற்று எங்கள் பக்கம் வீசுகிறது, மாடுகளைப் பிடித்துக் கட்டச் சொல் என்று ஆள் அனுப்பினார். அவருக்கு எந்த விதியும் அதைக் கட்டளையிடவில்லை. தம் நிலத்தில் செய்யும் வேலை அடுத்தவரின் நிலத்துக்குப் போய்ச் சேரும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். அந்த அறிவு இப்போது யாரிடமும் இல்லாததால்தான் விதி வேண்டியிருக்கிறது. விதி இருந்தும் அதை அறுத்துத் தள்ளலாம் என்றால் எங்களுக்கு என்ன மிச்சம்?

இனி எதிர்க்கருத்துகளுக்கு வருகிறேன். "தொழில் வளர வேண்டாமா, அங்கே நூறு பேர் வேலை செய்கிறார்களே" என்கிறார்கள். வளரட்டும். கிடங்கை மூடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஐந்து மீட்டரைக் கேட்கிறோம்.

"நகரத்து ஓரத்தில் மலிவாக மனை வாங்கிவிட்டுத் தொழிற்சாலை வந்தால் புலம்பக்கூடாது" என்பது இன்னொன்று. நாங்கள் வீடு கட்டியபோது மேற்கே தென்னைதான் இருந்தது. ஒருவேளை கிடங்கு முன்பே இருந்து நாங்கள் பின்னால் வந்திருந்தாலும் இந்த வாதத்தை ஏற்கமாட்டேன். விசாகப்பட்டினத்தில் 1961-இல் தொடங்கிய பாலிமர் ஆலையைச் சுற்றி ஊர் வளர்ந்து மதில்வரை வந்தது. 2020 மே 7 அதிகாலையில் ஸ்டைரீன் என்ற நச்சு வாயு கசிந்தபோது பன்னிரண்டு பேர் இறந்தார்கள். அவர்களிடம் போய் யார் முதலில் வந்தது என்று கேட்க முடியுமா? எந்த மரவேலியும் அந்த வாயுவைத் தடுத்திருக்காது என்பது எனக்குத் தெரியும். அங்கே வேண்டியிருந்தது தொலைவு. அந்தத் தொலைவை அளந்து ஒதுக்கி, அதில் யாரும் குடியேறாமல் காப்பது திட்டமிடும் அமைப்பின் கடமை. அதைச் செய்யாமல் விட்டுவிட்டு, குடியிருப்பவனைப் பார்த்து நீ ஏன் இங்கே வந்தாய் என்று கேட்பது அநியாயம்.

"நம் நாட்டில் இதெல்லாம் நடக்குமா" என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு ஒன்று. நம்மைவிடப் பன்மடங்கு நில நெருக்கடி உள்ள சிங்கப்பூரில், தொழில் நிலங்களைப் பிரிப்பதே இடைவெளியை வைத்துத்தான். ஐம்பது மீட்டருக்கு மேல் இடைவெளி தேவைப்படாத தொழில்கள் ஒரு வகை, அதற்கு மேல் தேவைப்படுபவை மற்றொரு வகை. அமெரிக்காவின் பல ஊர்களில், கடையும் வீடும் அடுத்தடுத்து வந்தால் எல்லையின் ஒவ்வொரு நூறு அடிக்கும் எத்தனை நிழல்மரம், எத்தனை புதர் என்று விதியிலேயே எண்ணிக் கொடுத்திருக்கிறார்கள். செடி பட்டுப்போனால் மாற்றி நட வேண்டும் என்பதும் அதில் உண்டு. நம்மிடம் இருப்பவை துண்டு துண்டாக இருக்கின்றன. பெரிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தரும்போது பசுமை வளையம் வேண்டும் என்று நிபந்தனை போடுவார்கள். ஆனால் 20,000 சதுர மீட்டருக்குக் குறைவான கட்டுமானத்துக்கு அந்த அனுமதியே தேவையில்லை என்பதால், எங்கள் பக்கத்துக் கிடங்கு போன்றவை அதற்கு வெளியே நிற்கின்றன. தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் பெரிய மனைகளுக்குப் பத்து விழுக்காடு திறந்தவெளி ஒதுக்கீடு இருக்கிறது. ஒரு ஹெக்டேருக்கு உட்பட்ட மனைகளுக்கு அதற்கு ஈடாகப் பணம் கட்டிவிடலாம். நிலமாகக் கொடுத்தாலும் அது குடியிருப்பை ஒட்டிய எல்லையில்தான் அமைய வேண்டும் என்பதில்லை. அது பொதுப் பூங்காவுக்கான நல்ல ஏற்பாடு. அடுத்த வீட்டுக்குப் புழுதி வராமல் தடுக்க அது எழுதப்படவில்லை. கட்டடத்தைச் சுற்றி விடும் பக்க இடைவெளியும் அப்படித்தான்: அது தீயணைப்பு வண்டி போகவும் காற்றோட்டத்துக்கும் ஆனது. நடைமுறையில் அதில் மரம் இருக்காது, லாரிதான் நிற்கும். ஆகையால் குடியிருப்பை ஒட்டிய எல்லைக்கென்று தனியாக, பக்க இடைவெளியோடு சேர்த்து எண்ணாத ஒரு நடவுப் பட்டை எல்லாத் தொழில் மனைகளுக்கும் பொது விதியாக வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது ஓர் ஆணையில் எழுதிய ஒரு நிபந்தனை மட்டுமே. அதைக் கண்காணிக்க இத்தனை ஆண்டுகளில் ஒருவரும் வரவில்லை.

என்னை அதிகம் காயப்படுத்தியது இவை எதுவும் அல்ல. "நல்லதாகப் போயிற்று, இனிமேல் பாம்பு வராது, இலைக் குப்பையும் இருக்காது" என்று எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் ஒருவர் எழுதியதும், அதற்குக் கீழே பலர் ஆமோதித்ததும்தான். பாம்புப் பயம் எனக்கும் உண்டு. அதற்கு வழி அடிச்செடிகளைக் காலாகாலத்தில் கவாத்து செய்வதும், குப்பையையும் கட்டட இடிபாடுகளையும் குவிக்காமல் இருப்பதும். பட்டைக்குள் உடைந்த ஓடுகளையும் சாக்குகளையும் கொண்டுபோய்க் கொட்டியவர்கள் யார்? மரங்களா? என் அம்மாவுக்கு மூச்சிழைப்பு இருக்கிறது. மேற்குப் பக்க ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தது அந்த மரங்கள் இருந்த துணிச்சலில். இப்போது அந்த ஜன்னலை மூடி, இடுக்குகளில் ஈரத்துணி செருகி வைத்திருக்கிறோம். இலை கூட்டுவது தொல்லை என்று மகிழ்பவர்கள் ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்து அவர் மூச்சு வாங்குவதைப் பார்த்துவிட்டு அதையே சொல்லட்டும்.

தகர வேலியையும் பாருங்கள். வண்ணம் பூசிய முகம் கிடங்கின் பக்கம். துருவேறும் ஆங்கிள் இரும்பும் போல்ட்டும் பின்புறமும் எங்கள் தெருவின் பக்கம். நான் மேலே சொன்ன அமெரிக்க ஊர்களில் வேலியின் சீரான முகம் அடுத்தவரைப் பார்த்திருக்க வேண்டும் என்றுகூட விதி வைத்திருக்கிறார்கள். "உங்களுக்காக" என்று சொல்லிப் போட்ட வேலி அது. தினமும் வாசல் தெளிக்கும்போது அந்த முதுகைத்தான் பார்க்கிறோம். வந்து போகும் லாரிக்குக் காட்டும் முகத்தை இங்கேயே வாழ்பவர்களுக்குக் காட்ட அவர்களுக்கு மனம் வரவில்லை. குடியிருப்பவர்களை அவர்கள் எந்தக் கணக்கில் வைத்திருக்கிறார்கள் என்பதற்கு எனக்கு வேறு சான்று வேண்டாம்.

அனுமதி ஆணையின் நகலும் ஒப்புதல் பெற்ற வரைபடமும் கேட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். வரும் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கிறோம். கேட்பவை மூன்று: பட்டை இருந்த இடத்தில் லாரி நிறுத்துவதை உடனே தடை செய்ய வேண்டும், வடகிழக்குப் பருவமழைக்குள் இரண்டு அடுக்காக மீண்டும் நட வேண்டும், அதன் பராமரிப்பை ஆண்டுதோறும் அலுவலர் வந்து பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். தகரத்துக்குப் பதில் கனமான சுவர் கட்டினால் அதை வரவேற்போம். ஆனால் பட்டைக்கு அப்பால், அவர்கள் முற்றத்தின் ஓரமாக. கையெழுத்துத் தாள் என் வீட்டில் இருக்கிறது. பாம்பைப் பற்றி எழுதியவரும் வரலாம். அவர் வீட்டுக்கும் அதே மேற்குக் காற்றுதான் வருகிறது.