படகோட்டியை வெட்டிவிட்டு என்ன ஓவியம்?

சென்ற வாரக் கூட்டத்தின் அழைப்பிதழைப் பற்றி நான் கேட்ட ஒற்றைக் கேள்விக்கு வந்த பதில்களை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். வெனிஸ் நகர ஓவியர் கார்ப்பாச்சியோ அவ்வூர் ரியால்டோ பாலத்தை வைத்து வரைந்த ஓவியத்தை அச்சிட்டவர்கள் கால்வாயை அடியோடு வெட்டிவிட்டு, இடது மேல்மூலையை மட்டும் ஏன் போட்டார்கள் என்பதே என் கேள்வி. "அற்புதம் அங்கேதானே நடக்கிறது, படகுக்காரர்களை வைத்து என்ன செய்வது?" என்று எழுதிச் சிரிப்புக் குறியும் போட்டிருந்தார் பொறுப்பாளர். அதற்குச் சிரித்தவர்களில் நான் மதிக்கும் சிலரும் உண்டு.

அற்புதம் அங்கேதான் நடக்கிறது, மறுக்கவில்லை. பேய் பிடித்த ஒருவர் இயேசு அறையப்பட்டதாக நம்பப்பட்ட திருச்சிலுவையின் துண்டால் குணமடைவது இடது ஓரத்து மேல்மாடத்தில்தான். ஆனால் 1490-களில் அதை வரைந்தவரே அற்புதத்தை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, கண் முதலில் விழும் இடத்தைக் கால்வாய்க்கும் கொண்டோலா என்னும் வெனிஸின் நீள்படகுகளுக்கும் கொடுத்திருக்கிறார். முன்னால் இறகு செருகிய தொப்பியோடு துடுப்பு வலிக்கும் கறுப்பினப் படகோட்டியைப் பாருங்கள். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களும் பின்னர் விடுதலை பெற்றவர்களும் வெனிஸில் படகோட்டிப் பிழைத்த காலம் அது. அவரை வரைய ஓவியருக்கு மனம் இருந்தது. அச்சிட நமக்கு இல்லை.

"கனலெட்டோவின் படங்களில் படகோட்டிகள் வெறும் வண்ணப் புள்ளிகள்தானே" என்கிறார் ஒருவர். வெனிஸ் காட்சிகளை வரைந்த அந்த ஓவியரிடம், 18-ஆம் நூற்றாண்டில் ஊர் பார்க்க வந்த ஆங்கிலேயச் சீமான்கள் வாங்கிப்போன படங்கள் அவை, இருக்கட்டும். அந்தப் புள்ளியும் நின்றபடி ஒற்றைத் துடுப்பைத்தான் வலிக்கிறது. இன்றைய கொண்டோலாவின் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட ஏறத்தாழ 24 சென்டிமீட்டர் அகலம்; வலப்புறம் துடுப்பிட்டு ஓட்டும் அந்த ஒற்றை ஆளுக்கு ஈடுகொடுக்கத்தான் அப்படி. ஆளுக்காகப் படகையே கோணலாகக் கட்டுகிறார்கள் அவர்கள். நாம் ஆளையே வெட்டுகிறோம்.

இடமில்லையாம். புரவலர்கள் ஐவரின் மார்பளவுப் படங்களுக்கு மட்டும் தாராளமாக இடமிருந்தது.

"இவருக்கு எதிலும் உழைப்பாளி வந்துவிட வேண்டும்" என்ற ஏளனத்துக்கு நான் பதில் சொல்லாமல் போயிருக்கலாம். என் தாயின் தந்தை பக்கிங்காம் கால்வாயில் சவுக்கு விறகு ஏற்றிச் சென்னைக்குப் படகு கொண்டுவந்தவர். காற்று இருந்தால் பாய். இல்லாவிட்டால் கழி ஊன்ற வேண்டும், அல்லது கரையில் நடந்தபடி கயிறு கட்டி இழுக்க வேண்டும். வலத் தோளில் கயிறு அறுத்த இடம் தடித்துக் கறுத்துப்போய், சட்டை போட்டாலும் மேடாகத் தெரியும். அவரை யாரும் வரையவில்லை, எங்கள் வீட்டில் ஒரு புகைப்படம்கூட இல்லை. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் எங்கோ ஒருவர் தம் ஊர்ப் படகோட்டியை இறகுத் தொப்பியோடு வரைந்து வைத்திருக்கும்போது, அதை வெட்டி எறிந்துவிட்டுச் சிரிக்கவும் செய்கிறவர்களிடம் நான் மென்மையாகப் பேச வேண்டும் என்கிறீர்கள். இவ்வளவு மென்மைதான் என்னால் முடியும்.

பதிவை நீக்கிவிடும்படி உள்பெட்டியில் வந்த அறிவுரைகளுக்கு நன்றி. நீக்குவதாக இல்லை. கூட்டம் முடிந்துபோனாலும் பரவாயில்லை, முழு ஓவியத்தையும் போட்டு அழைப்பிதழை மறுபடி அனுப்புங்கள்.